பழகாத கையும் பழியும்

1914ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் திகதி, பரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பெசோன் என்னுமிடத்தில், சேன் நதிக்கரையிலே கூடியிருந்த மக்கள் ஓர் அதிசயத்தைக் கண்டனர். லோறன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞன் தனது விமானத்தை நதியின் மேலாகச் செலுத்தி வந்து, பார்வையாளருக்கு நேரே வந்ததும் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினான். அவனுடன் சென்ற பொறிவினைஞர் இறக்கையின் மீது நடந்து சென்றார். ஒரு பக்கம் பாரம் கூடியும் விமானம் சரியவில்லை. சுழலும் சில்லுகளைக் கொண்டு அமைந்த ஒரு கருவி, மனிதனின் கையை எதிர்பாராது, அதனை நேராக நிறுத்திற்று. அன்று உயர்த்தப்பட்ட அவ்விரு கைகளும் மனிதனின் விடுதலையை அறிவிக்கும் கைகளாகவே மக்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழிந்தன. 2009ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, றியோ டி ஜெனீரோவிலிருந்து அதே பரிஸ் நகரை நோக்கி 228 பேருடன் பறந்துகொண்டிருந்த எயர் பிரான்ஸ் விமானமொன்று அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. ஒருவரும் தப்பவில்லை. ஆண்டுக்கணக்கில் மனிதனின் கையிலிருந்து வேலையை வாங்கி வைத்திருந்த இயந்திரம், ஒரு நள்ளிரவில், முன்னறிவித்தலின்றி அவ்வேலையை அவனது கையிலேயே திருப்பிக் கொடுத்தது. அந்தக் கை அதற்குப் பழகியிருக்கவில்லை.

பழகாத கையைப் பழிக்கலாமா? அவ்வாறு பழிப்பதாயின், அது பழகாமற் போனதற்கு யார் பொறுப்பு? இக்கேள்வி விமானிகளை மட்டும் பற்றியதன்று. எனினும் விமானிகளின் தொழிலில் இது மிகத் தெளிவாகத் தெரிகின்றது. ஏனெனில் அங்கு விடை நிமிடக் கணக்கில் வந்துவிடுகின்றது.

அன்றிரவு நிகழ்ந்தது என்ன என்பதை முதலில் நோக்குவோம். விமானத்தின் வேகத்தை அளப்பதற்கு அதன் முகப்பிலே பிற்றோ குழாய்கள் எனப்படும் சிறு குழாய்கள் உள்ளன. 35,000 அடி உயரத்தில், இடிமுகிற் கூட்டங்களினூடே செல்கையில், பனிப்பளிங்குகள் அக்குழாய்களை அடைத்தன. வேகத்தை அறிய முடியாத இயந்திரம் தன் பணியினின்றும் விலகிக்கொண்டது. கப்டன் ஓய்வெடுக்கச் சென்றிருந்த வேளை அது; துணை விமானிகள் இருவரே ஆசனங்களில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் விமானத்தின் முகப்பை மேலே தூக்கினார். விமானம் ஏறத்தாழ 38,000 அடிவரை ஏறி, வேகத்தை இழந்து, இறக்கைகள் காற்றிலே தாங்கும் வலுவை இழக்கும் நிலையை அடைந்தது. விமானத் தொழிலில் இதனை 'ஸ்ரோல்' என்பர். அதிலிருந்து மீள முகப்பைத் தாழ்த்த வேண்டும் என்பது விமானம் ஓட்டப் பழகும் எந்த மாணாக்கனும் ஆரம்ப நாட்களிலேயே கற்கும் பாடம். ஆயினும் முகப்பு மேலே நோக்கியபடியே விமானம் கீழே வீழ்ந்தது. இயந்திரம் விலகியதற்கும் விமானம் நீரில் மோதியதற்கும் இடைப்பட்ட நேரம் நான்கரை நிமிடங்களுக்கும் குறைவு.

சமுத்திரத்தின் அடியில், ஏறத்தாழ 3,900 மீற்றர் ஆழத்திற் கிடந்த பதிவுக் கருவிகள் 2011இல் மீட்கப்பட்டன. பிரான்சிய விசாரணைக் குழு 2012இல் தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது. விமானிகளின் பிழைகளை அது மறைக்கவில்லை. ஆனால், மிக உயரத்திலே விமானத்தைக் கையால் ஓட்டுவதற்கும், வேகமானி பொய்க்கும்போது செய்யவேண்டியவற்றிற்கும் அவர்களுக்கு அந்த உயரத்துக்குரிய பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் அது எடுத்துக் கூறிற்று. இன்னொன்றும் தெரியவந்தது. வேகம் மிகக் குறைந்து அளவீடு செல்லாததாகிய வேளையில் ஸ்ரோல் எச்சரிக்கை ஒலி நின்றுவிட்டது. முகப்பைச் சற்றுத் தாழ்த்தியபோது மீண்டும் ஒலித்தது. சரியான செயலுக்கு எச்சரிக்கையும் தவறான செயலுக்கு மௌனமுமாக இயந்திரம் பேசிற்று. அன்றியும் அவ்வகை விமானத்தில் இரு விமானிகளின் செலுத்துகோல்களும் ஒன்றோடொன்று இணைந்து அசைவதில்லை. ஒருவர் தமது கோலை இழுத்துப் பிடித்திருப்பதை மற்றவர் தம் கையால் உணர முடியாது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர் உலகம் வழக்கமாக இரண்டு தீர்ப்புகளுள் ஒன்றை எழுதுகின்றது. 'மனிதத் தவறு' என்பது ஒன்று. 'இயந்திரத்தின் கோளாறு' என்பது மற்றொன்று. முதலாவது தீர்ப்பு இறந்துபோன விமானியின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிடுகின்றது. இரண்டாவது, உயிரில்லாத பொருளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. ஒருவர் இறந்துவிட்டார், மற்றதற்கு உயிரே இல்லை. ஆகவே இரண்டு தீர்ப்புகளிலும் உயிரோடிருப்பவர் எவரும் விடை கூறவேண்டிய தேவை ஏற்படுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் பரிஸ் நீதிமன்றம் விமானக் கம்பனியையும் விமானத்தை ஆக்கிய கம்பனியையும் குற்றவியற் பொறுப்பினின்றும் விடுவித்தபோது, கவனயீனங்கள் இருந்தன என்பதை ஏற்றுக்கொண்டது. அவையே அழிவுக்குக் காரணம் என்பது ஐயமற நிறுவப்படவில்லை என்றது. அதற்கெதிராக மேன்முறையீடும் செய்யப்பட்டது. நீதிமன்றம் சட்டத்தின் அளவுகோலால் அளக்கின்றது. அது அதன் கடமை. அறத்தின் அளவுகோல் இன்னும் சற்று ஆழத்துக்குச் செல்ல வேண்டும்.

திறன் என்பது யாது என்று முதலில் கேட்போம். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகின்றான், யாழை வாசித்து வாசித்தே கலைஞனாகின்றான் என்ற கருத்தை ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்டோட்டில் தமது அறநூலில் விளக்கினார். நற்பண்பும் அவ்வாறே செயலால் வளர்வது என்பது அவர் முடிபு. தமிழர் இதனைக் கைப்பழக்கம் என்னும் ஒரே சொல்லில் அடக்கினர். அச்சொல்லிலேயே ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. பழக்கத்தால் வந்தது பழக்கம் விட்டால் போய்விடும். வங்கியில் இட்ட பணம் எடுக்காமல் விட்டால் வளரும்; கையிலுள்ள திறன் எடுக்காமல் விட்டால் தேயும். ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் பெற்ற அத்தாட்சிப் பத்திரம் அவர் அன்று எதைச் செய்ய வல்லவராயிருந்தார் என்பதைக் கூறுமேயன்றி, இன்று எதைச் செய்ய வல்லவர் என்பதைக் கூறாது.

விமானியின் திறன் எவ்வாறு உருவாகின்றது? சிறிய விமானத்தில், ஆசிரியர் அருகிலிருக்க, அவர் கற்கத் தொடங்குகின்றார். முகப்பின் சாய்வு, இயந்திரத்தின் வலு, வேகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கண்ணும் கையும் சேர்ந்து அறிகின்றன. வேகமானி பொய்த்தாலும், இன்ன சாய்வும் இன்ன வலுவும் இருந்தால் இன்ன வேகம் இருந்தே தீரும் என்ற உறுதி அவருக்கு வருகின்றது. கருவிகளை வரிசையாக நோக்கி, அவற்றிலிருந்து விமானத்தின் நிலையை மனத்திலே ஒரு சித்திரமாக ஆக்கும் பழக்கமும் இதில் அடங்கும். ஆகவே கைத்திறன் என்று நாம் கூறுவது வெறும் விரல்களின் வித்தையன்று. அது ஒருவகைச் சிந்தனை. கை செயற்படாதபோது அச்சிந்தனையும் உறங்கிவிடுகின்றது.

பெரிய விமானத்தை அடைந்ததும் நிலைமை மாறுகின்றது. தரையை விட்டெழுந்த சில நிமிடங்களில் தன்னியக்கக் கருவி இயக்கப்படுகின்றது. இறங்குவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நிறுத்தப்படுகின்றது. இடையிலே பத்து மணித்தியாலம் பறந்தாலும் கைக்கு வேலையில்லை. இது விமானியின் சோம்பல் மட்டுமன்று. 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையில் விமானங்கள் ஆயிரம் அடி உயர வேறுபாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கின்றன; அந்நெருக்கத்தில் உயரத்தைத் தன்னியக்கக் கருவியே காக்கவேண்டும் என்பது விதி. நெடுந்தூர விமானங்களில் மூவர் நால்வர் மாறி மாறி வேலை செய்வதால், தரையிறக்கும் வாய்ப்பும் ஒருவருக்கு மாதத்தில் மிகச் சிலவே கிட்டும். தொண்ணூறு நாட்களில் மூன்று முறை எழுப்பி மூன்று முறை இறக்கியிருந்தாற் போதும் என்பதே சர்வதேச விதியின் குறைந்த அளவு. ஆறு மாதத்துக்கொரு முறை சிமியூலேற்றர் எனப்படும் பயிற்சிக் கூண்டில் பரீட்சை நடக்கின்றது. அங்கும் நெடுங்காலமாக, வரப்போகும் கேள்வியை முன்னரே அறிந்த மாணவன்போல விமானி அமர்ந்திருந்தார்.

இதன் விளைவு வானம் தெளிந்திருந்த ஒரு நண்பகலிலும் வெளிப்பட்டது. 2013ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி, சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், தரையிறங்கும் சரிவை வானொலிக் கதிரால் காட்டும் கருவி திருத்த வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஓடுபாதையைக் கண்ணாற் பார்த்து இறக்கவேண்டியிருந்தது. ஏசியானா கம்பனியின் போயிங் 777 விமானம் 137 நொட் வேகத்தில் வரவேண்டிய இடத்தில் 103 நொட் வரை தளர்ந்து, கடற்சுவரில் மோதியது. 307 பேரில் மூவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். வேகத்தைத் தன்னியக்கக் கருவி காத்துக்கொள்ளும் என விமானி எண்ணியிருந்தார். அவர் தெரிந்த முறையில் அக்கருவி அவ்வாறு செய்யாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, இயன்றவரை இயந்திரத்தையே பயன்படுத்துக என்ற கம்பனியின் கொள்கையையும் சுட்டிக்காட்டி, விமானிகளுக்குக் கையால் ஓட்டும் வாய்ப்பைக் கூட்டுமாறு பரிந்துரைத்தது.

இம்முரண்பாட்டை லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் பிரித்தானிய உளவியலறிஞர் 1983இலேயே தெளிவாக எடுத்துரைத்தார். மனிதன் நம்பத்தகாதவன் என்று கருதி எளிய வேலைகளை இயந்திரத்துக்குக் கொடுக்கின்றோம். இயந்திரத்தால் ஆகாத கடினமான வேலையை மட்டும் அதே மனிதனுக்கு விட்டுவைக்கின்றோம். அதைச் செய்வதற்கு வேண்டிய அன்றாடப் பழக்கத்தையோ அவனிடமிருந்து பறித்துவிடுகின்றோம். அவனுக்கு எஞ்சும் இன்னொரு பணி, பிழையின்றி ஓடும் இயந்திரத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருத்தல். மனித மனத்துக்கு அதனிலும் இயலாத காரியம் வேறில்லை.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், கைவினைஞன் கருவியைப் பயன்படுத்தினான், ஆலைத் தொழிலாளியையோ இயந்திரம் பயன்படுத்துகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் விரித்துரைத்தார். விமானியைத் தொழிலாளியோடு ஒப்பிடலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விமானி நல்ல ஊதியம் பெறுபவர்; சீருடையும் மதிப்பும் உடையவர். எனினும் அவரது தொழிலின் வரலாறு ஆலையின் வரலாற்றினின்றும் வேறானதன்று. 1950ஆம் ஆண்டுகளில் சமுத்திரத்தைக் கடந்த பெரும் விமானங்களின் முன்னறையில் ஐவர் வரை இருந்தனர்: கப்டன், துணை விமானி, பொறியியலாளர், வழிகாட்டி, வானொலியாளர். ஒவ்வொரு கருவி வந்தபோதும் ஓர் ஆசனம் வெறுமையாயிற்று. 1981இல் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த குழுவொன்று புதிய விமானங்களுக்கு இருவர் போதும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் நெடும் பறப்பின் நடுப்பகுதியில் ஒருவரே போதாதா என்ற யோசனையும் ஐரோப்பாவில் ஆராயப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் அதனை எதிர்த்தன. வெறுமையாகும் ஒவ்வோர் ஆசனத்தின் சம்பளமும் கம்பனியின் கணக்கில் இலாபமாக ஏறுகின்றது. அந்த ஆசனத்திலிருந்தவரின் அறிவு எந்தக் கணக்கிலும் நட்டமாக எழுதப்படுவதில்லை.

இங்கு நாம் நேர்மை தவறலாகாது. தன்னியக்கக் கருவிகள் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. பறப்புகளின் தொகையோடு ஒப்பிட்டால் இன்றைய விபத்துகள் 1950ஆம் ஆண்டுகளின் விபத்துகளிலும் பன்மடங்கு குறைவு. களைப்பறியாத இயந்திரம் விமானியின் களைப்பைத் தாங்குகின்றது. இயந்திரத்தை உடைப்பது முற்போக்காகாது. ஸ்பெரி கைகளை உயர்த்தியது மனித குலத்தின் வெற்றியே. கேள்வி, அந்த வெற்றியின் பயனை எவ்வாறு பங்கிடுவது என்பது. இயந்திரம் மிச்சப்படுத்தித் தந்த நேரத்திலும் பணத்திலும் ஒரு பகுதி, அதே இயந்திரம் மழுக்கிய கையை மீண்டும் கூராக்குவதற்குச் செலவிடப்பட வேண்டாமா?

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களுள் ஒன்று ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இயந்திரம் கையிலும் பார்க்கச் சீராக ஓட்டுமாயின், பயணிகள் அமர்ந்திருக்கும்போது விமானி தமது பழக்கத்துக்காக அதனை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டுவது அறமாகுமா? அவர்கள் பரிசோதனைக்கு உட்பட இணங்கியவர்களா? எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவன்று இது. ஆயினும் வைத்தியசாலையை எண்ணிப் பாருங்கள். எந்தச் சத்திரசிகிச்சை வைத்தியரும் தமது முதலாவது கீறலை யாரோ ஒரு நோயாளியின் உடலில்தான் இடுகின்றார். அந்த முதல் நோயாளி இல்லையேல் நூறாவது நோயாளியைக் காக்கும் கை உருவாகாது. தெளிந்த வானிலையில், நெருக்கடியற்ற வேளையில், அருகில் விழிப்பான துணைவர் இருக்க, ஒரு விமானி கையால் இறக்கும்போது பயணிகள் ஏற்கும் ஆபத்து மிகச் சிறிது. பழக்கமே இல்லாத கை முகிலும் பனியும் நிறைந்த நள்ளிரவில் முதன்முறையாகப் பரீட்சிக்கப்படும்போது ஏற்படும் ஆபத்தோ மிகப் பெரிது. முதலாவதைத் தவிர்ப்பதால் நாம் ஆபத்தை ஒழிப்பதில்லை. யாரென்று தெரியாத வேறு 228 பேரின் தலையில் அதனைச் சேர்த்து வைக்கின்றோம். நேற்றைய பயணிகள் ஏற்ற சிற்றாபத்தினால் இன்றைய பயணி வாழ்கின்றான். அவன் நாளைய பயணிக்குக் கடன்பட்டவன்.

கடன்பட்டோர் வேறு பலரும் உளர். 1983ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி, எயர் கனடாவின் புதிய போயிங் 767 விமானமொன்று 69 பேருடன் நடுவானில் எரிபொருள் முற்றாகத் தீர்ந்த நிலையில் தவித்தது. கிலோகிராமில் கணக்கிடவேண்டிய எரிபொருள் இறாத்தல் அளவினால் கணக்கிடப்பட்டிருந்தது. முன்பு அக்கணக்கைப் பார்த்தவர் விமானப் பொறியியலாளர். புதிய விமானத்தில் அவரது ஆசனம் இல்லை. அவரது பொறுப்பு எவருக்கெனத் தெளிவாக ஒப்படைக்கப்படவுமில்லை. இதனைப் பின்னர் அரச விசாரணையும் எடுத்துக்காட்டியது. கப்டன் றொபேட் பியர்சன் இயந்திரவலுவற்ற அப்பெரும் விமானத்தைப் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டுக் கிம்லி என்னும் இடத்துப் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். அனைவரும் பிழைத்தனர். அந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? இயந்திரமில்லாத மிதவை விமானங்களை ஓட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது. 2009 ஜனவரி 15ஆம் திகதி பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை நியூயோர்க்கின் ஹட்சன் நதியில் இறக்கி 155 பேரையும் காத்த கப்டன் சலன்பேகரும் இளமையில் அத்தகைய விமானங்களில் பழகியவரே. அவரது விமானத்தின் கணினிகளும் அன்று அவருக்குத் துணைநின்றன என்பதையும் கூறவேண்டும். பழகிய கையும் நல்ல இயந்திரமும் பகைவரல்லர்.

இவர்களை நாம் வீரர் எனப் போற்றுகின்றோம். போற்றுதற்குரியவரே. ஆயினும் அப்போற்றுதலில் ஒரு வெட்கமும் கலந்திருக்க வேண்டும். கிம்லியில் 69 உயிர்களைக் காத்த திறன் கம்பனியின் பயிற்சித் திட்டத்தில் இருக்கவில்லை; ஒரு மனிதர் தமது விருப்பத்தினால் பழகிய பழக்கத்தில் இருந்தது. உயிர் காக்கும் அறிவைத் தனிமனிதனின் பொழுதுபோக்கில் எதிர்பார்த்து நிற்கும் சமுதாயம் அதிர்ஷ்டத்தை நம்பி வாழும் சமுதாயமாகும். பியர்சன் வேறேதேனும் பொழுதுபோக்கை நாடியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

இதனால் விமானியின் தனிப்பட்ட கடமை நீங்கிவிடுகின்றது என்று நான் கூறவில்லை. அனுமதி உள்ள வேளையிலும் கருவியை நிறுத்த மனமின்றி இருப்பவர் உளர். அது வசதி. ஒவ்வோர் அசைவும் பதிவாவதால், சிறு வழுவும் கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சி ஒதுங்குபவரும் உளர். அது பயம். வசதியை விமானி வெல்ல வேண்டும். பயத்தை நீக்கவேண்டியது கம்பனி. அமெரிக்காவின் வோரன் வான்டர்பேர்க் என்னும் விமானப் பயிற்சியாசிரியர் 1997இல், திரையில் மஜெந்தா நிறக் கோட்டைப் பின்தொடர்வதையே பறத்தல் என எண்ணும் விமானிகளை அக்கோட்டின் பிள்ளைகள் என்று பெயரிட்டு எச்சரித்தார். எச்சரித்தவரும் தொழிலாளியே, தம் தொழிலின் மானத்துக்காகப் பேசினார்.

இவ்வாறு பார்க்கும்போது ஒரு நெறி புலப்படுகின்றது. ஒருவனிடம் ஒரு திறனை எதிர்பார்க்கும் உரிமை, அத்திறனைப் பேணும் வாய்ப்பை அவனுக்கு அளிக்கும் கடமையோடு பிணைந்தது. கடமையைச் செய்யாதவர் உரிமையைக் கோர முடியாது. வாய்ப்பளித்தும் பழகாதவனைப் பழிக்கலாம். வாய்ப்பை மறுத்துவிட்டு, அழிவு வந்தபின் 'மனிதத் தவறு' என்று எழுதுவது, தவற்றை மீண்டும் ஒருமுறை செய்வதாகும். அமெரிக்க விமானத்துறை நிருவாகம் 2013 ஜனவரியில் கையால் ஓட்டும் பழக்கத்தை ஊக்குவிக்குமாறு கம்பனிகளைக் கேட்டுக்கொண்டது. 2022இல் விரிவான வழிகாட்டலையும் வெளியிட்டது. இவை நல்ல அடிகள். ஆனால் கேட்டுக்கொள்வது வேறு, கட்டாயமாக்குவது வேறு. பயிற்சிக் கூண்டில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வியன்று. அது நீதி பற்றிய கேள்வி. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் போராடியதுபோலப் பழகும் நேரத்துக்கும் போராட வேண்டிய காலம் இது.

ஆசிரியர்களும் மாணவரும் இதனைச் சற்று நெருங்கி நின்று சிந்திக்கலாம். கணக்கையும் எழுத்தையும் நோயறிதலையும் இயந்திரங்கள் ஏற்றுக்கொள்ளும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். ஒரு வேலையை நம்மிடமிருந்து வாங்கும் இயந்திரத்தை வரவேற்கும்போதே, அது என்றேனும் ஒரு நள்ளிரவில் அவ்வேலையைத் திருப்பித் தரக்கூடுமா என்று கேட்கவேண்டும். தரக்கூடுமாயின், அதுவரை அந்தக் கையைப் பழக்கத்தில் வைத்திருப்பவர் யார், அதற்கான நேரத்தைக் கொடுப்பவர் யார் என்பதையும் அப்போதே தீர்மானிக்கவேண்டும். விமானம் வீழ்ந்தபின் அக்கேள்வியைக் கேட்பதால் கடலின் அடியிலிருந்து பதிவுக் கருவியை மட்டுமே மீட்கலாம்.

சேன் நதியின் மேல் ஸ்பெரி உயர்த்திய கைகள் விமானம் ஓட்டத் தெரிந்த கைகள். எந்த நொடியிலும் அவற்றை மீண்டும் கீழே இறக்கி விமானத்தைப் பற்றிக்கொள்ள அவனால் முடிந்திருக்கும். அதனாலேயே அவன் அவற்றைத் துணிந்து உயர்த்தினான்.